பார்க்கிங் ரோந்து வண்டியில் நம்பர் பிளேட் கேமரா: ‘ஹிட்’ வந்ததும் டிக்கெட் எழுதலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரின் பார்க்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதுவரை டயரில் சாக்பீஸ் கோடு போட்டுத்தான் நேரம் கணக்கிட்டோம். அடுத்த மாதம் கூரையில் கேமரா வைத்த வண்டி வருகிறது. எங்கள் ஊரில் 2 மணி நேரத் தெருக்கள், குடியிருப்போர் பர்மிட் தெருக்கள், வண்டி எண்ணை அடித்துக் காசு கட்டும் இடங்கள் என்று மூன்றும் உண்டு. என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

‘ஹிட்’ என்பது ‘இந்தக் காரைப் பார்’ என்று திரை தரும் எச்சரிக்கை. அதாவது கேமரா உங்களுக்குத் தருவது சந்தேகம் மட்டுமே. அந்தச் சந்தேகம் சரிதானா என்று சொல்ல உங்கள் கண் வேண்டும், நீங்கள் எடுக்கும் படம் வேண்டும், காசு கட்டியவர்கள், பர்மிட் உள்ளவர்கள் ஆகியோரின் எண்கள் அடங்கிய, அந்த நிமிடத்தில் புதுப்பித்த பட்டியல் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எழுதிய டிக்கெட் முறையீட்டில் நிற்காது. வண்டியை விற்கிறவர்கள் கேமராவின் துல்லியத்தைப் பற்றியே பேசுவார்கள். நடைமுறையில் தவறான டிக்கெட்டுகளில் பெரும்பங்கு பட்டியலிலிருந்தும், ஊர் விதிக்குப் பொருந்தாத அமைப்பிலிருந்தும் வருகிறது. அதனால் கேமராவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

சாக்பீஸை ஊர்கள் கைவிட ஒரு வழக்கும் காரணம். மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் தொடங்கிய அந்த வழக்கில், டயரில் கோடு போடுவது, அரசின் நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் சொல்லும் ‘சோதனை’தான் என்று 2019 ஏப்ரலில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் திரட்டுவதற்காக ஒருவருடைய உடைமையைத் தொடுகிறீர்கள் என்பதே வாதம். ஒருவரின் காரில் போலீஸார் ஜி.பி.எஸ். கருவி ஒட்டியது பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அது பின்பற்றியது. 2021-ல் அதே நீதிமன்றம், நிர்வாகச் சோதனைக்கான (வாரன்ட் இல்லாமல் அரசு அலுவலர் செய்யும் வழக்கமான ஆய்வுக்கான) விதிவிலக்கும் இதற்குப் பொருந்தாது என்றது. 2022-ல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் சான் டியேகோ வழக்கில் இதற்கு நேர்மாறாக, சாக்பீஸ் கோடு போடலாம் என்று முடிவு செய்தது. ஆக மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி மாநிலங்களில் ஒரு நிலை, கலிஃபோர்னியா பக்கம் வேறு நிலை. கேமரா வண்டி டயரைத் தொடுவதில்லை என்பதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் சாக்பீஸ் கோடு மழையில் அழிந்துவிடும், கேமரா எடுத்த பதிவு அழியாது. அதை எவ்வளவு நாள் வைப்பது என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

வண்டியில் என்ன இருக்கும்? கூரையிலோ பக்கவாட்டிலோ இரண்டு முதல் நான்கு கேமரா அலகுகள். ஒவ்வோர் அலகிலும் இரண்டு கண்கள்: ஒன்று அகச்சிவப்பு வெளிச்சத்தில் பிளேட்டை மட்டும் பளிச்சென்று பிடிக்கும் கறுப்பு வெள்ளைக் கண், மற்றொன்று கார் முழுவதையும் காட்டும் வண்ணக் கண். பிளேட்டின் பரப்பு வந்த வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. அதனால்தான் கேமராவுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருக்கிறது. இவை தவிர ஜி.பி.எஸ். ஆன்டெனா, சக்கரச் சுழற்சியை எண்ணும் இணைப்பு, படத்தை எழுத்தாக்கும் கணினி, ஓட்டுநர் பக்கத்தில் ஒரு திரை. நேரக் கட்டுப்பாட்டுத் தெருக்கள் இருப்பதால் உங்களுக்குச் சக்கரத்தைப் படமெடுக்கும் தனிக் கேமராவும் அவசியம். ஒப்பந்தத்தில் அது இல்லை என்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கேமராவின் கோணம் தெருவைப் பொறுத்தது. நடைபாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் கார்களுக்கு ஒரு கோணம், சாய்த்து நிறுத்தும் இடத்துக்கு இன்னொன்று, செங்குத்தாக நிறுத்தும் இடத்துக்குக் கேமரா ஏறக்குறைய நேர்ப்பக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரே கோணத்தில் மூன்றையும் படிக்கச் சொன்னால் ஏதோ ஒன்றில் வாசிப்பு விழும். எந்தத் தெருவில் விழுகிறது என்று முதல் வாரத்திலேயே குறித்து வையுங்கள்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 8.3 மீட்டர். கேமராவின் கண் ஒரு மில்லி விநாடி திறந்திருந்தால் அதற்குள் வண்டி 8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அது பிளேட் எழுத்தின் கோட்டுத் தடிமனுக்கு அருகில் வரும் அளவு. அப்போது 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் கரைந்துபோகும். எனவே அரை மில்லி விநாடிக்கும் குறைவாகத் திறந்து மூட வேண்டும். அதற்கு ஈடுகொடுக்க அகச்சிவப்பு விளக்கு வலுவாக இருக்க வேண்டும். விளக்கு வயதாகி மங்கினால் பகலில் ஒன்றும் தெரியாது, மாலை ஆறு மணிக்கு மேல் தவறுகள் பெருகும். இரவுப் பணியில் மட்டும் வாசிப்பு கெடுகிறது என்றால் முதலில் விளக்கைப் பாருங்கள்.

அடுத்தது பிளேட். அமெரிக்க பிளேட் 12 அங்குலம் நீளம், 6 அங்குலம் உயரம் என்பது பொது. அதற்கு மேல் எதுவும் பொதுவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் டஜன் கணக்கில் வடிவங்கள். சிலவற்றில் இரண்டு சிறிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கப்பட்டிருக்கும், அவற்றை மென்பொருள் விட்டுவிடும் அல்லது ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும். சில சிவப்பு மைகள் அகச்சிவப்பில் வெளிறிப்போகும். கார் விற்ற கடையின் சட்டகம் மாநிலப் பெயரை மறைத்துவிடும். ஒரே எண் இரண்டு மாநிலங்களில் இருப்பது சாதாரணம் என்பதால், எண் சரியாக இருந்து மாநிலம் தவறினால் டிக்கெட் சம்பந்தமே இல்லாத வீட்டுக்குப் போகும். சைக்கிள் தாங்கி, இழுவைக் கொக்கி, குளிர்காலத்து உப்புப் படலம், தாழ்ந்த சூரியன் எல்லாம் வழக்கமான எதிரிகள். எழுத்து ஓ-வும் சுழியும், ஐ-யும் 1-ம், எஸ்-ஸும் 5-ம், இசட்டும் 2-ம், ஜி-யும் 6-ம் குழம்புவது எல்லா ஊரிலும் நடப்பது.

முன் பிளேட் கட்டாயமில்லாத மாநிலங்களில் இன்னொரு தொல்லை. ஃப்ளோரிடா, அரிசோனா, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்றவற்றில் பின் பிளேட் மட்டும்தான். ஒஹாயோவும் 2020 ஜூலையில் முன் பிளேட்டைக் கைவிட்டது. செங்குத்து இடத்தில் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்தினால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. பிளேட்டையே பர்மிட்டாக வைத்துள்ள பல பல்கலைக்கழகங்கள் ‘முகம் உள்ளே, பின்பக்கம் வெளியே’ நிறுத்த வேண்டும் என்று விதி போட்டது இதனால்தான். உங்கள் ஊரிலும் அப்படி விதி வேண்டுமென்றால் கேமரா வண்டி இறங்குவதற்கு முன்பே பலகை வைத்துவிட வேண்டும்.

இனி முக்கியமான இடம். பெரும்பாலான பயிற்சிகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கேமரா ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் யாருக்கு நஷ்டம்? அது தெருவின் வகையைப் பொறுத்தது.

பர்மிட் தெருவையும் காசு கட்டும் இடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டியலில் இருப்பவர்கள் நல்லவர்கள். பட்டியலில் இல்லாத எண் வந்தால் திரை ஒலிக்கும். காசு கட்டியவருடைய பிளேட்டை ஓர் எழுத்து தவறிப் படித்தாலும் அந்த எண் பட்டியலில் இருக்காது, உடனே ஹிட். அதாவது ஒவ்வொரு தவறான வாசிப்பும் ஒரு நிரபராதியைச் சுட்டுகிறது. நேரக் கட்டுப்பாட்டுத் தெருவிலும், பழைய அபராதம் கட்டாதவர் பட்டியலிலும் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டு வாசிப்புகள் ஒத்துப்போனால்தான், அல்லது எண் பட்டியலில் இருந்தால்தான் ஹிட். தவறிப் படித்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, விதி மீறியவர் தப்பிப்பார், அவ்வளவே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காசு கட்டும் இடத்தில் ஒரு பணி நேரத்தில் 2,000 கார்களைப் படிக்கிறீர்கள். 1,900 பேர் கட்டியிருக்கிறார்கள், 100 பேர் கட்டவில்லை. கேமரா நூற்றுக்கு 98 சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய 1,900 பேரில் 38 பேரின் எண் தவறாகப் படிக்கப்படும், அந்த 38-ம் ஹிட்டாக ஒலிக்கும். கட்டாத 100 பேரும் ஒலிப்பார்கள், அவர்கள் எண்ணைத் தவறாகப் படித்தாலும் பட்டியலில் இருக்கப் போவதில்லையே. மொத்தம் 138 ஹிட், அதில் 38 பொய். ‘98 சதவீதத் துல்லியம்’ என்று விளம்பரம் செய்த கருவி, டிக்கெட் எழுதும் தருணத்தில் நான்கு ஹிட்டில் ஒன்றுக்கு மேல் பொய்யாகக் காட்டுகிறது. ஊர்மக்கள் ஒழுங்காகக் காசு கட்டக் கட்ட இந்த விகிதம் இன்னும் மோசமாகும். ஹிட்டைக் கண்ணால் சரிபார்க்காமல் எழுதக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்து அடுத்த விஷயம் வருகிறது. மென்பொருளில் ‘தளர்வுப் பொருத்தம்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். ஓ-வையும் சுழியையும் ஒன்றாகக் கொள், ஓர் எழுத்து வேறுபட்டாலும் ஒத்ததாகக் கொள் என்றெல்லாம் சொல்லலாம். பர்மிட் தெருவிலும் கட்டண இடத்திலும் இதைத் தளர்வாக வையுங்கள். அப்போது சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்குப் போகும், நீங்களும் வீணாக இறங்கி ஏற வேண்டியதில்லை. அபராத பாக்கிப் பட்டியலில் இதைக் கண்டிப்பாக இறுக்கமாக வையுங்கள். அங்கே தளர்த்தினால் அடுத்தவர் கடனுக்கு இவர் காரில் சக்கரப் பூட்டு விழும். பல ஊர்களில் நிறுவும்போது ஒரே அமைப்பை எல்லா மண்டலத்துக்கும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மண்டலம் மண்டலமாகத் தனியாகக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கட்டண இடத்தில் கேமராவைவிட ஓட்டுநரின் விரல் அதிகமாகத் தவறும். கனடாவின் கால்கரி நகரம் 2007-ல் பார்க்பிளஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோதே பிளேட் எண்ணை அடித்துப் பணம் கட்டுவதும் கேமரா வண்டி ரோந்தும் கைகோத்து வந்துவிட்டன. அப்போதிலிருந்து எங்கும் ஒரே பிரச்சினைதான்: ஓ அடிக்க வேண்டிய இடத்தில் சுழி, இரண்டு எழுத்து இடம்மாறல், பழைய காரின் எண் செயலியில் தங்கிவிடுவது, வாடகைக் கார். ஹிட் வந்ததும் அந்த எண்ணுக்கு ஓர் எழுத்து முன்பின்னாக அதே மண்டலத்தில் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று தேடும் வசதி கையடக்கக் கருவியில் இருக்க வேண்டும். கட்டியிருந்தால் எழுதாதீர்கள், எச்சரிக்கைச் சீட்டு போதும். எழுதினாலும் முறையீட்டில் தள்ளுபடியாகும், நடுவில் ஒரு மனிதரின் அரை நாள் போய்விடும்.

பட்டியலின் வயது இன்னொரு கண்ணி. ஓட்டுநர் மீட்டரில் கட்டிய பணம் கட்டண நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து உங்கள் வண்டிக்கு வர நேரம் ஆகும். ஓர் ஊரில் மூன்று செயலிகள் இருந்தால் மூன்று வழி, மூன்று தாமதம். ஒரு செயலியின் இணைப்பு அறுந்துவிட்டால் அதில் கட்டிய எல்லோரும் ஒரே நேரத்தில் குற்றவாளிகளாகத் தெரிவார்கள். திடீரென்று ஒரு தெருவில் ஹிட் கொட்டினால் சந்தோஷப்படாதீர்கள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இணைப்பைச் சரிபாருங்கள். திரையின் ஓரத்தில் ஒவ்வொரு பட்டியலும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். பாதாள நிறுத்துமிடத்தில் கைப்பேசி அலை கிடைக்காது, அங்கே பழைய பட்டியலை வைத்து எழுதக்கூடாது. வண்டியின் கடிகாரமும் கட்டணக் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், மூன்று நிமிட வேறுபாடே, கெடு தாண்டியும் டிக்கெட் எழுதாமல் விடும் சலுகை நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

நேரக் கட்டுப்பாட்டுத் தெருவுக்கு வருவோம். இங்கே சுற்றின் இடைவெளிதான் எல்லாம். 2 மணி நேரத் தெரு, 5 நிமிடச் சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக மணிக்கு ஒரு முறை சுற்றுகிறீர்கள்: 9:00, 10:00, 11:00, 12:00. ஒன்பது மணிக்குப் பார்த்த கார் பதினொரு மணிக்கும் நின்றால் கணக்கில் 2 மணி நேரம் மட்டும்தான், சலுகை தாண்டாததால் ஹிட் வராது. பன்னிரண்டு மணிக்குத்தான் வரும், அதற்குள் பலர் போய்விடுவார்கள். அதே சுற்றை 65 நிமிடமாக்குங்கள்: 9:00, 10:05, 11:10. மூன்றாவது சுற்றிலேயே 2 மணி 10 நிமிடம் ஆகிவிடும். ஐந்து நிமிட மாற்றத்தில் பணி முழுவதும் மாறிவிடுகிறது. நடுச் சுற்றை வீண் என்று விட்டுவிடவும் வேண்டாம். ‘நான் போய்விட்டுத் திரும்பி வந்தேன்’ என்ற முறையீட்டுக்கு எதிரே, இடையிலும் அதே இடத்தில் கார் இருந்தது என்று காட்டுவது அந்தப் பதிவுதான். கார் எப்போது வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, முதலில் பார்த்த நேரத்திலிருந்துதான் எண்ண முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ‘அதே இடம்’ என்பதை எப்படி நிறுவுவீர்கள்? திறந்தவெளியில் ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் பட்டுத் திரும்புவதால் பத்து மீட்டருக்கும் மேல் போகும். வரிசையில் ஒரு காருக்கான இடமோ ஆறு, ஆறரை மீட்டர்தான். ஆக ஜி.பி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு ‘கார் நகரவே இல்லை’ என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் சக்கரப் படம். டயரில் காற்றடிக்கும் வால்வு எங்கே நிற்கிறது என்பதைக் கடிகார முள் போலக் குறிப்பது நடந்தே ரோந்து போன காலத்திலிருந்து உள்ள பழக்கம்: முன் சக்கரம் 2 மணி, பின் சக்கரம் 7 மணி என்பது போல. இரண்டு சுற்றிலும் வால்வுகள் அதே இடத்தில் இருந்தால் கார் நகரவில்லை என்பதற்கு நல்ல ஆதாரம்.

எவ்வளவு நல்ல ஆதாரம்? ஒரு சக்கரம் தற்செயலாக அதே மணியில் வந்து நிற்க 12-ல் ஒரு வாய்ப்பு. இரண்டு சக்கரம் என்றால் 144-ல் ஒன்று என்று சிலர் பெருக்கிச் சொல்கிறார்கள், அது சரியல்ல. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவில் ஒரே சாலையில் உருளுகின்றன. திரும்பும்போது மட்டுமே அவற்றுக்கிடையே வேறுபாடு சேரும். எனவே வால்வுப் படத்தோடு, நடைபாதையிலிருந்து காரின் தூரம், முன் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், பக்கத்தில் நிற்கும் கார்கள் ஆகியவையும் படத்தில் தெரிய வேண்டும். சக்கர மூடி வால்வை மறைத்தால் இவைதான் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் முன்பாக உங்கள் ஊரின் விதியை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். ‘ஒரே இடத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது’ என்று இருக்கிறதா, ‘அதே தெருப்பகுதியில்’ என்று இருக்கிறதா, ‘அந்த மண்டலத்தில் ஒரு நாளைக்கு’ என்று இருக்கிறதா? மென்பொருளிலும் இந்த மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. விதி ‘ஒரே இடம்’ என்று சொல்லும்போது மென்பொருளை ‘மண்டலம்’ என்று வைத்தால், காரை நகர்த்தி நேர்மையாக நடந்தவர்களுக்கும் டிக்கெட் போகும். விதி தெருப்பகுதி என்று சொன்னால், தெருவின் எந்தப் பக்கம், எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை என்பதைத் திரையில் வரைபடமாகப் பிரிக்க வேண்டும். மூலைகளில் கேமரா குறுக்குத் தெருவின் காரையும் படித்துவிடும், இடப்பக்கக் கேமரா எதிரே ஓடும் போக்குவரத்தைப் படித்துவிடும். தேவையில்லாத பக்கத்துக் கேமராவை அணைத்து ஓட்டுங்கள்.

ஹிட் வந்தபின் செய்ய வேண்டியவை. வண்டியை நிறுத்தி, திரையில் உள்ள எண்ணைப் படத்தோடும், படத்தைக் காரோடும் ஒப்பிடுங்கள். மாநிலம், நிறம், கார் வகை பாருங்கள். முன்கண்ணாடிக்குப் போய்ப் பாருங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. மாற்றுத்திறனாளி அட்டை காருக்குரியது அல்ல, ஆளுக்குரியது. அது கண்ணாடியில் தொங்கும், பட்டியலில் இருக்காது. கலிஃபோர்னியாவில் அந்த அட்டை இருந்தால் தெரு மீட்டரில் காசு கட்ட வேண்டாம், நடைபாதை விளிம்பில் பச்சை அடித்த குறுகிய நேர இடங்களில் நேரக் கட்டுப்பாடும் கிடையாது. கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது. காகிதப் பர்மிட், விருந்தினர் சீட்டு, சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும் ஆள், பையால் மூடப்பட்ட மீட்டர், மரக்கிளை மறைத்த பலகை ஆகியவற்றையும் நின்று பார்த்தால்தான் தெரியும். நெதர்லாந்து நகரங்களில் ஸ்கேன் கார் காட்டியதை இன்னொரு மனிதர் பார்த்த பிறகே தண்டம் விதிக்கும் வழக்கம் இருக்கிறது. இங்கிலாந்து இன்னும் ஒரு படி போய், 2015 ஏப்ரல் முதல் கேமராவில் பிடித்துத் தபாலில் டிக்கெட் அனுப்புவதைப் பேருந்து நிறுத்தம், பேருந்துத் தடம், பள்ளி வாசல், வண்டி நிறுத்தத் தடையுள்ள சிவப்புக் கோட்டுச் சாலை போன்ற சில இடங்களோடு நிறுத்திவிட்டது.

எழுதும் கணத்தில் பட்டியலை மறுபடி ஒரு முறை நேரடியாகக் கேளுங்கள். வண்டி படித்த நேரத்துக்கும் நீங்கள் இறங்கி நடந்துவந்த நேரத்துக்கும் இடையில் பணம் வந்து சேர்ந்திருக்கலாம். பிறகு நான்கு படம்: பிளேட் அருகில், கார் முழுதாகப் பலகையோ மீட்டரோ சேர்ந்து, முன்கண்ணாடி, சக்கரம். பிளேட்டே இல்லாத கார் என்றால் எண் இடத்தில் ‘இல்லை’ என்ற பொருளில் எதையாவது அடித்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் ஒருவர் கணினியில் ‘வெற்று’ என்று பொருள்படும் ‘நல்’ (NULL) என்ற சொல்லைத் தன் பிளேட்டாக வாங்கினார். எண் பதியப்படாத டிக்கெட்டுகள் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்து 12,000 டாலரைத் தாண்டின. 2019-ல் அது செய்தியானது. பிளேட் இல்லாவிட்டால் முன்கண்ணாடியின் அடியில், ஓட்டுநர் பக்கம் தெரியும் 17 இடங்கள் கொண்ட வாகன அடையாள எண்ணை எழுதுங்கள். அதில் ஐ, ஓ, கியூ எழுத்துகள் கிடையாது. அமெரிக்காவில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் தவறாக எழுதினால் கணினியே கண்டுபிடிக்கும்.

பிளேட்டிலேயே அப்படி ஒரு காவல் வைத்திருக்கிறது சிங்கப்பூர். அங்கே எண்ணின் கடைசியில் வரும் எழுத்து சும்மா வருவதில்லை. முன்னெழுத்துகளில் கடைசி இரண்டையும் அகரவரிசை எண்ணாக மாற்றி, நான்கு இலக்கங்களோடு சேர்த்து, முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 19 ஆல் வகுத்த மீதிக்கு உரிய எழுத்து அது. முதல் இலக்கம் 3 என்பதைக் கேமரா 8 என்று படித்தால் கூட்டுத்தொகை 25 கூடும், மீதி 6 நகரும், கடைசி எழுத்து ஒட்டாது. 19 பகா எண் என்பதால் ஓர் இலக்கம் மட்டும் தவறினால் எப்போதும் பிடிபடும். அமெரிக்க பிளேட்டில் இந்த வசதி இல்லை. அந்தக் காவலை நீங்கள்தான் கண்ணால் செய்ய வேண்டும்.

அது செய்யப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் 2009-ல் நடந்தது போதும். போலீஸ் வண்டியின் கேமரா ஒரு பெண்ணின் பிளேட்டில் 3-ஐ 7 என்று படித்தது. திருட்டு வாகனம் என்று ஹிட் வந்தது. தேடப்பட்டது வேறு நிறத்து டிரக், இவர் ஓட்டியது செடான் கார். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். 2014-ல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அவருடைய வழக்கு நடுவர் குழுவின் முன் போகலாம் என்றது. உங்கள் பட்டியலில் திருட்டு வாகன எண்களும் சேர்ந்திருந்தால், ஹிட் வந்ததும் தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. அபராத பாக்கிக்காகச் சக்கரப் பூட்டுப் போடும்போதும் அடையாள எண்ணை ஒப்பிடுங்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான பிளேட் காரோடு போகும், நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் உரிமையாளரோடு போகும். நேற்று வேறு காரில் இருந்த பிளேட் இன்று இந்தக் காரில் இருக்கலாம்.

பதிவுகளை வைத்திருப்பது பற்றி. ஒரு பணி நேரத்தில் நீங்கள் படிக்கும் ஆயிரக்கணக்கான எண்களில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தவறும் செய்யாதவர்களுடையவை. யார் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நின்றார் என்ற குறிப்பு அது, மருத்துவமனை வாசலும் கோயில் வாசலும் அதில் அடங்கும். நேரக் கணக்குக்கு அந்தப் பணி நேரம் முடியும்வரை வைத்தால் போதும், பிறகு அழிக்க வேண்டும். டிக்கெட் எழுதிய பதிவை மட்டும் முறையீட்டுக் காலம் முடியும்வரை வையுங்கள். காவல்துறைக்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஹிட் ஆகாத பதிவுக்கு மூன்று நிமிடம்தான் தருகிறது, மெயின் மாநிலம் 21 நாள். கலிஃபோர்னியாவில் 2016 முதல் இத்தகைய கேமரா வைத்திருக்கும் அமைப்புகள் பயன்பாட்டுக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். உங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஒப்பந்தத்தில் பதிவுகள் ஊருக்குச் சொந்தம், விற்பவர் அவற்றை வேறு யாருக்கும் தரக்கூடாது, எத்தனை மணி நேரத்தில் தானாக அழியும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தொடங்கும் முறைக்கு வருகிறேன். முதல் சில வாரங்கள் எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுங்கள். அந்தக் காலத்தில் மண்டலத்துக்கு இருநூறு வாசிப்புகளை எடுத்து, படத்தைப் பார்த்து ஒருவர் கையால் எண்ணை அடித்து ஒப்பிடட்டும். பகல், அந்தி, இரவு, மழை எனத் தனித்தனியாக எடுங்கள், ஒரே சராசரி எதையும் காட்டாது. எண் சரியா, மாநிலம் சரியா என்று இரண்டு கலங்களில் குறியுங்கள். டிக்கெட் எழுதத் தொடங்கிய பின் ரத்தாகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் பதியுங்கள்: வாசிப்புத் தவறு, ஓட்டுநர் எண் தவறாக அடித்தது, பட்டியல் தாமதம், அட்டை கவனிக்காதது, மண்டல எல்லை. எந்தக் காரணம் மேலே நிற்கிறதோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பணிக்குக் கிளம்பும் முன் கேமராக் கண்ணாடியை மென்துணியால் துடைத்து, நிறுத்துமிடத்தில் நிற்கும் உங்கள் துறையின் வண்டி ஒன்றின் பிளேட்டை இருபுறமும் ஒரு முறை படித்துப் பாருங்கள். எண், நேரம், வரைபடத்தில் இடம் மூன்றும் சரியாக வந்தால் கிளம்பலாம். ஒன்று பிசகினாலும் அன்றைக்கு அந்தப் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டுக் கையடக்கக் கருவியோடு நடந்து போங்கள்.